ஷட்டரைப் போட்டாச்சா?

டேய் டார்ச்,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிடுவது இதுவே கடைசித் தடவை. இனிமேல் ஜாதகத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறதோ அதைத்தான் சொல்வேன். வாய் தவறினால் உன் அப்பா என்னைக் கிள்ளலாம் என்று அனுமதியும் கொடுத்துவிட்டேன். அன்றைக்குப் புனேயில் ஃபோனை வைத்துவிட்டு நீ என்ன செய்தாய் என்று தெரியாது. ஓசூரில் நான் செய்தது இது: இட்லித் தட்டில் மாவை ஊற்றி, அடுப்பில் ஏற்றி, அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னட்டி, இட்லி இன்னைக்கு வெக்கையில வேகாம வெக்கத்துல வேகுதோ?" என்றார். நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அவர் பயந்துபோனார்.

தளியில் பவித்ராவுக்குப் பூ வைக்கப் போன சாயங்காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ரோஜாத் தோட்டத்துக்கு நடுவில் வீடு, மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போனது. எல்லாரும் மெழுகுவர்த்தி தேடினார்கள், நான் பேச்சுக்கு ஒரு திரி தேடினேன். "எதுக்குங்க மெழுகுவர்த்தி? மாப்பிள்ளைய நடுவுல உக்கார வைங்க. வயித்துல இருக்கும்போதே சார்ஜ் ஏத்திப் பெத்த பையன்!" என்றேன். இருட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எனக்குப் பேச்சு மேலும் கிளம்பியது. பவித்ராவின் அப்பா, "அதென்னம்மா கதை?" என்று கேட்டார். மெழுகுவர்த்தி வந்ததும் நான் ஆலைக் கதையைக் கைகால் ஆட்டி நடித்தே காட்டினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சில நாள் கழித்து உன் அப்பாவைக் கூப்பிட்டு, "தேதி குறிக்கறது கொஞ்சம் தள்ளிப் போகட்டுங்க" என்றார். காரணம் பவித்ரா வழியாக உன்னிடம் வந்து, உன் வழியாக என்னிடம் வந்தது: இந்தப் பையனுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஏதாவது வருமோ என்று அந்த மனிதர் தூங்காமல் இருக்கிறார்.

நீ ஃபோனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். "அம்மா, அந்தக் கதைய இனிமே யார்கிட்டயும் சொல்லாத. எட்டாவது படிக்கறப்ப போர்வைக்குள்ள கைய நீட்டிப் பாத்துட்டே படுத்திருப்பேன், மின்னுதான்னு. அவர் கேக்கறதுல தப்பே இல்ல. நானே கேக்கறேன், சொல்லு. எனக்கு ஏதாச்சும் பட்டுச்சா?" என்றாய். அதற்கு உன்னைப் பெற்றவள் என்ன சொன்னாள்? "மின்னுச்சா?" என்று கேட்டாள். வாய் அப்படி. நீ ஃபோனை வைத்துவிட்டாய்.

அதனால் இப்போது முழுசாக எழுதுகிறேன். உன் கல்யாணம் இதில் தொங்குகிறது, அதைவிட உன் போர்வை இதில் தொங்குகிறது. நடுவில் எங்கேயாவது கேலி எட்டிப் பார்த்தால் மன்னித்துவிடு. அது எனக்கு மூக்குமாதிரி, முகத்தைக் கழுவினாலும் போகாது.

நீ பிறப்பதற்கு முந்தைய ஓசூரை உனக்கு எப்படிக் காட்டுவது? மார்ச் மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முதல் ஷிப்டுக்குப் போவோம். ஆலை பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டில் கன்னடம், நடுவில் தெலுங்கு, பின்சீட்டில் எல்லா ஜில்லாத் தமிழும். ஒருவரை ஒருவர் திட்டுவதற்கு மட்டும் எல்லாருக்கும் மூன்று பாஷையும் தெரியும். நான் பர்கூர்க்காரி, என் அப்பா கல்குவாரியில் கல் உடைத்தவர், நான் டிப்ளமோ படித்து, கல்லைப் பொடியாக்கி டைல்ஸ் செய்கிற ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனில் சேர்ந்தேன். "அப்பா உடைச்ச கல்லு பொடியாகி என் பின்னாலயே வந்துருச்சு" என்று சொல்லிச் சிரிப்பேன். உன் அப்பா மெக்கானிக்கல் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கம், பலசரக்குக் கடை வீட்டுப் பிள்ளை. அவர் என்னை முதன்முதலில் "ஏட்டி" என்று கூப்பிட்டபோது திட்டுகிறார் என்று நினைத்து ஸ்பானரை ஒளித்துவைத்தேன். கொஞ்சுகிறார் என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்தேன். காதல் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான், ஒரு ஸ்பானர் போக்குவரத்து.

எங்கள் ஆலையில் கல்பொடி கொட்டிவைக்கும் பெரிய இரும்புத் தொட்டி ஒன்று இருந்தது, ஹாப்பர் என்போம். அடியில் புனல்போல் குறுகியிருக்கும். அதில் பொடி எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது, உள்ளே ஒரே புழுதி. அதற்காக ஒரு பக்கம் ஈயம் நிரப்பிய குண்டுச் சட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதற்குள் கதிர்வீச்சு விடும் பொருள் ஒரு பட்டாணி அளவுக்கு இருக்கும். எதிர்ப்பக்கம் அந்தக் கதிரை வாங்கிக்கொள்ளும் கருவி. கதிர் வந்து சேர்ந்தால் அந்த உயரத்தில் தொட்டி காலி, வராவிட்டால் பொடி மறைக்கிறது, தொட்டி நிறைந்துவிட்டது என்று என் மேசையில் இருக்கும் பெட்டி காட்டும். சட்டியின் வாயில் ஒரு ஷட்டர், வெளியே அதைத் திருப்ப ஒரு கைப்பிடி. சட்டிமேல் மஞ்சளில் மூன்று இறக்கை போட்ட அபாயக் குறி. புதிதாக வருகிற பையன்களிடம், "ஃபேன் படம் போட்டிருக்கு பாரு, பக்கத்துல போனா காத்து தூக்கிட்டுப் போயிரும்" என்பேன். பயந்து தள்ளியே நடப்பார்கள். பாதுகாப்பு வகுப்பில் கற்றுக்கொள்வதைவிட அதில் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்தப் பெட்டியிடம் ஒரு வேடிக்கை உண்டு, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும். ஷட்டரை மூடினாலும் கதிர் வராது அல்லவா? பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. காலித் தொட்டியைக்கூட "நிறைந்துவிட்டது" என்று காட்டும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து, வயிறு நிறைந்துவிட்டது போல என்று நாம் இலையை எடுத்துவிடுவோமே, அந்தமாதிரி.

நடந்த அன்று காலை கருவியைச் சரிபார்ப்பதற்காக நான்தான் ஷட்டரைத் திறந்து வைத்திருந்தேன். மழை ஈரத்தில் பொடி இறுகி, தொட்டியின் அடியில் அடைத்துக்கொண்டது. மேலே ஏறி, மூடியைக் கழற்றி, உள்ளே இறங்கிக் குத்திவிட வேண்டும். இறங்குவது உன் அப்பா. இறங்குவதற்கு முன்னால் ஷட்டர் மூடியிருக்க வேண்டும், மூடியிருக்கிறதா என்று கதிரை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மேலேயிருந்து அவர், "ஏட்டி, ஷட்டரப் போட்டுட்டியா?" என்று கத்தினார். நான் கீழேயிருந்து, "அப்பவே போட்டாச்சு!" என்று கத்தினேன்.

இப்போது சொல், போட்டாச்சு என்றால் என்ன? பர்கூரில் எங்கள் வீட்டில் லைட்டைப் போடு என்றால் எரியவிடு. ஃபேனைப் போடு என்றால் ஓடவிடு. இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனில் எதைப் போட்டாலும் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஷட்டரைப் போட்டாச்சு என்றால் எனக்குத் திறந்தாச்சு. உன் அப்பா கடை வீட்டுப் பிள்ளை. அங்கே ஷட்டரைப் போடு என்றால் இழுத்து மூடு, கடை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ஒரே சொல், எனக்குத் திறப்பு, அவருக்குப் பூட்டு. இதற்குமுன் எத்தனையோ தடவை இதே கேள்வியைக் கேட்டு இதே பதிலை வாங்கியிருக்கிறோம், அப்போதெல்லாம் கையில் மீட்டரோடு கூட வருகிற ஆள் உண்டு. அன்றைக்கு அவர் லீவு.

நிமிர்ந்து பார்த்தால் உன் அப்பா மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். "யோவ்! என்ன பண்றீங்க? ஷட்டர் போட்டிருக்குன்னு சொல்றேன்ல!"

"போட்டுருக்குன்னு சொன்னதாலதான களத்துதேன்!"

"போட்டிருக்குன்னா திறந்திருக்குன்னு அர்த்தம்!"

"எந்த ஊர்லட்டி ஷட்டரப் போட்டா கடை தொறக்கும்?"

சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள், நானும்தான். சிரித்துக்கொண்டே போய்க் கைப்பிடியைத் திருப்பினேன். அது சாதாரணமாக என்னோடு மல்லுக்கட்டும், இரண்டு கையும் ஒரு கெட்ட வார்த்தையும் வேண்டும், கடைசியில் உள்ளே "டக்" என்று கேட்கும். அன்றைக்கு ஒரு விரலில் திரும்பியது. குறிமுள் "மூடியிருக்கிறது" என்ற இடத்தில் போய் ஒழுங்காக நின்றது. "இப்ப மூடியாச்சு, இறங்குங்க சாமி" என்று நான் கத்தினேன். அவர் ஒரு காலை உள்ளே விட்டார். அப்போதுதான் எனக்கு அந்த "டக்" கேட்கவில்லை என்பது உறைத்தது. திரும்பி என் பெட்டியைப் பார்த்தேன். நிறைந்துவிட்டது என்று அது பொய் சொல்ல வேண்டிய நேரம். அடைப்பு அடியில்தான், சட்டி இருக்கும் உயரத்தில் பொடி இல்லை; பாவி, "காலி" என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் கதிர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

மீட்டரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். பாதி ஏறும்போதே அது கடகடவென்று அடித்துக்கொண்டது. உன் அப்பாவுக்கு இடுப்புவரை உள்ளே. பேசி நேரத்தை வீணாக்காத ஒரே தருணம் என் வாழ்க்கையில் அதுதான். பேன்ட்டின் இடுப்பைப் பிடித்து மேலே இழுத்தேன். தையல் விட்டது, மனிதர் வந்துவிட்டார். கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிழிந்த பேன்ட்டோடு என் பின்னாலேயே ஏணியில் இறங்கினார்.

அந்த இடத்தைக் கயிறு கட்டி அடைத்தார்கள். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து, தள்ளி நின்றே ஷட்டரை மூடி, சட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கைப்பிடிக்கும் ஷட்டருக்கும் நடுவில் இருக்கும் சின்ன முளை உடைந்திருந்தது. கல்பொடி புகுந்து புகுந்து அதை அரித்திருக்கிறது. கைப்பிடி திரும்பும், குறிமுள் நகரும், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. உள்ளே இருப்பது மட்டும் அசையாது. உன் மாமனார் ஆகப்போகிறவர் அன்றைக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாரே, அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நான் நினைத்துக்கொண்டேன் பார். இத்தனை வருஷம் கழித்தும் கைப்பிடியை நம்புகிறவள் உன் அம்மா.

அதன் பிறகு ஆலையில் "போட்டாச்சு" என்ற சொல்லுக்குத் தடை. திறந்திருக்கு, மூடியிருக்கு, இந்த இரண்டைத் தவிர வேறு பேச்சில்லை, அதையும் மீட்டர்தான் சொல்ல வேண்டும். உன் அப்பா அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். சண்டை போட்டு நான் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் வாசற்படியில் நின்று, "ஏட்டி, தொறந்திருக்கா மூடியிருக்கா?" என்பார். மூடியிருந்தால் டீக்கடைக்குப் போய்விடுவார். திறந்திருந்தால் உள்ளே வந்து அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லுவார். கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே புத்திமதி இதுதான், வாங்கிக்கொள். பவித்ரா "சரி" என்றால் எந்தச் சரி என்று கேள். நீ "ஒண்ணுமில்ல" என்று சொல்லும்போது என்ன இல்லை என்று சொல்லிவிடு. தளிக் கன்னடமும் ஓசூர்த் தமிழும் சேர்ந்து குடித்தனம் பண்ணப்போகிற வீட்டில் இது ரொம்பத் தேவைப்படும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். என் மேல்கோட்டில் குத்தியிருந்த பேட்ஜ், பட்ட கதிரின் அளவைக் காட்டும். அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். உன் அப்பாவிடம் பேட்ஜ் இல்லை, அவர் நின்ற இடத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும். பதில் வருவதற்குக் காத்திருந்த நாட்களில்தான் எனக்கு மசக்கை வந்தது. நீ வந்திருந்தாய். ஏணியில் ஏறும்போதே என்னோடு ஏறியிருக்கிறாய், டிக்கெட் எடுக்காமல்.

அந்த நாட்களில் நான் ஆலையில் ஒரு சிரிப்புக் கடையே நடத்தினேன். பிறக்கிற பிள்ளையை ஹாலில் தொங்கவிட்டால் கரண்ட் பில் மிச்சம் என்றேன். மற்ற பிள்ளைகள் தவழும், என் பிள்ளை ஒளிரும் என்றேன். கேன்டீனே உருண்டது. உன் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் பேசமாட்டோம், ரேடியோவைப் பெரிதாக வைத்துக்கொள்வோம்.

பதில் வந்தது. பாதுகாப்பு அதிகாரி எங்களை உட்காரவைத்து விளக்கினார். நான் கதிர் நேராகப் போகும் வழியில் நிற்கவே இல்லை. எனக்குப் பட்டது சிதறல், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு டாக்டர்கள் கவலைப்படுகிற அளவுக்குப் பக்கத்தில்கூட வராத அளவு. அப்பாவுக்கு என்னைவிட அதிகம், ஆனால் அவருக்கும் கவலைப்படும்படி இல்லை. ஓசூர் டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். இன்னொன்றும் சொன்னார், அதை உன் போர்வைக்குள் இருக்கிற எட்டாம் வகுப்புப் பையனிடம் சொல்லிவிடு: அந்தச் சட்டியிலிருந்து வருகிற கதிர் பட்டால், பட்டதோடு சரி. உடம்பில் ஒட்டிக்கொண்டு வராது. வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்தவன் வீட்டுக்குள் வெயில் அடிக்கமாட்டான். உன்னிடம் எதுவும் தங்கவில்லை, தங்காததை உன் பிள்ளைக்கு நீ கொடுக்கவும் முடியாது.

இதை உனக்கு அப்போதே சொல்லியிருக்கலாமே என்றால், சொன்னேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பிறந்த அன்று உன் அப்பா ஆஸ்பத்திரி அறையில் லைட்டை அணைத்து, உன்னை உற்றுப் பார்த்துவிட்டு, "எரியலட்டி, ஃபியூஸ் போயிட்டு" என்றார். தையல் வலியோடு நான் சிரித்த சிரிப்பில் நர்ஸம்மா ஓடிவந்தார். அன்றைக்கு வைத்த பெயர்தான் டார்ச். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அந்தக் கதை, ஒவ்வொரு விருந்தாளிக்கும் அந்தக் கதை. நீ ஒவ்வொரு தடவையும் சிரித்தாய். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தாய், நானும் அந்தப் பெட்டியைப் போலவே, பிள்ளை மனசு நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் தளி பஸ் பிடித்தோம். உன்னிடம் சொல்லாமல் போனதற்குத் திட்டு, ஆனால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு. பவித்ரா திண்ணென்று கட்டிய ரோஜாக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து மொட்டுகளுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தாள். "வாங்க அத்தை" என்றாள், எழுந்திருக்கவில்லை. அவள் அப்பா நாற்காலி போட்டார். நான் இப்போது உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். கை ஆடவில்லை, குரலும் மாறவில்லை. பாதியில் உன் அப்பா என்னைப் புதிய ஆளைப்போலப் பார்த்தார்.

பவித்ராவின் அப்பா கடைசிவரை கேட்டார். இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. "அன்னைக்கும் இதே கதைதானேம்மா சொன்னீங்க? அன்னைக்குச் சிரிச்சுச் சொன்னீங்க. இன்னைக்கு இப்படிச் சொல்றீங்க. எது நிஜா?"

"கதை ஒண்ணுதாங்கண்ணா. அன்னைக்குக் கைப்பிடியக் காட்டினேன். இன்னைக்கு ஷட்டரக் காட்டறேன்."

"பயந்தீங்களா?"

யாரும் இதுவரை என்னிடம் கேட்காத கேள்வி. கேட்கிற இடைவெளியை நான் யாருக்கும் விட்டதில்லை. "பயந்தேங்கண்ணா. அவன் பொறந்து, அழுது, பால் குடிக்கற வரைக்கும் பயந்தேன். டாக்டர் சொன்னது புத்திக்குப் போச்சு, வயித்துக்குப் போகல" என்றேன். பக்கத்தில் உன் அப்பா, "நானுந்தான்" என்றார். என்னைப் பார்க்காமல் ரோஜாக் கட்டைப் பார்த்துச் சொன்னார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இந்த இரண்டு சொல்லும் எங்கள் வீட்டில் கேட்டதில்லை.

அப்போது பவித்ரா காகிதம் சுற்றுவதை நிறுத்திவிட்டு, "நீங்க பயந்தது அவருக்குத் தெரியுமா அத்தை?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப மொதல்ல அவருக்கு எழுதுங்க. ஃபோன்ல வேணாம், நடுவுல நீங்க ஜோக் அடிச்சிருவீங்க" என்றாள். உனக்கு வாய்த்தவள் மீட்டர் மாதிரி இருக்கிறாள். பிழைத்துக்கொள்வாய்.

"உங்களுக்கு நம்பிக்கையான டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்கண்ணா, நானும் கூட வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தோம். அவரும் கூடவே எழுந்தார். ஒரு கட்டு ரோஜாவை உன் அப்பா கையில் கொடுத்தார். வாசலில் குளிர்காற்று. எனக்கு ஒரு செருப்புத்தான் அகப்பட்டது, இன்னொன்றை அவர்கள் நாய் எங்கேயோ இழுத்துப் போட்டிருந்தது. அதைத் தேடிக் குனிந்திருந்தபோது, பவித்ரா எங்களுக்குப் பின்னால் கதவைச் சாத்த வந்தாள். உள்ளேயிருந்து அவள் அப்பா குரல் கேட்டது: "பாக்லு ஹாக்பேடா, அவ்ரு மத்தெ பர்த்தாரெ."

கன்னடத்திலும் அதே சங்கடம் இருக்கிறது, கவனித்திருக்கிறாயா? ஹாக்கு என்றால் போடு. லைட்டை ஹாக்கு என்றால் எரியவிடு, கதவை ஹாக்கு என்றால் சாத்து. அவர் சொன்னது இதுதான்: கதவைப் போடாதே, அவர்கள் மறுபடி வருவார்கள். நான் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றுவிட்டேன். உன் அப்பாவுக்கு இத்தனை வருஷமாகியும் கன்னடம் வசவைத் தாண்டி வளரவில்லை. ரோஜாக் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என் காதருகே வந்து, "என்னட்டி சொல்லுதாரு?" என்று கேட்டார்.

"திறந்திருக்கு" என்றேன்.

அம்மா